அடிச்சுவரும் மேற்பூச்சும்



மேலூர்ப் பக்கத்தில் கடன் வாங்கி வீடு கட்டிய குடும்பத் தலைவர் ஒருவர் சென்ற மாதம் கவலையோடு வந்தார். மாடிச்சுவருக்கு வாங்கிய எடை குறைந்த கல்லையே அடிச்சுவருக்கும் வைத்துக் கட்டிவிட்டார்களாம். ஒரு மழைக்காலம் கழிந்ததும் வண்ணம் தோல்தோலாய் உரிகிறது. பூச்சைத் தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்கிறது. மகள் திருமணத்திற்குள் மறுபடியும் வண்ணம் அடித்துவிடலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். அவர் முகம் வாடியது.

இக்கல் 1920களில் சுவீடனில் உருவானது. சிமெண்டு, சுண்ணாம்பு, அனல்மின் நிலையச் சாம்பல் ஆகியவற்றோடு சிறிது அலுமினியத் தூளைச் சேர்த்தால், கலவை வாயுக்குமிழிகளோடு பொங்கி எழும். அதனை நீராவியில் வேகவைத்து இறுக்குகிறார்கள். கனமீட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 600 கிலோதான் எடை. மாடிக்கு இதைவிட நல்ல கல் வேண்டியதில்லை. ஆயினும் மண்ணீரைத் தொட்டால் உறிஞ்சிக்கொள்ளும்; நனைந்தால் வலிமையும் குறையும். பெரியாறு கால்வாய் பாயும் வயலோரத்தில், கருங்கல்லுக்குப் பேர்போன மேலூரில், அடிச்சுவருக்கு இதைத் தேடிப் போவானேன்!

நடந்தது நடந்துவிட்டது. முதலில் மழைநீர் சுவரோரம் தேங்காதபடி நிலத்தைச் சரிவாக்க வேண்டும். வெற்றொலி தரும் பூச்சைக் கல் தெரியும்வரை கொத்தி எடுத்து, கோடை முழுவதும் சுவரைக் காயவிட வேண்டும். பூத்திருக்கும் உப்பைக் கம்பித் தூரிகையால் உலர்வாகவே தேய்த்து எடுங்கள்; கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் கல்லுக்குள் போய்விடும்.

கொத்தனார்கள் பலர் இங்கே தவறுகிறார்கள். சிமெண்டு மிகுந்தால் பூச்சு உறுதியாகும் என்று நினைக்கிறார்கள். கல்லைவிட வலுத்த பூச்சு சுருங்கும்போது கல்லின் மேற்பரப்பையே பிய்த்துக்கொண்டு வரும். ஆகவே 1 பங்கு சிமெண்டுக்கு 6 பங்கு மணல் போதும். கனம் 12 முதல் 15 மில்லிமீட்டர். கல்லை ஊறவைக்காமல் நீரைத் தெளித்தால் போதும். நீர்த்த கலவையை முதலில் தெளித்துச் சொரசொரப்பாக்கிக்கொள்ளலாம். கான்கிரீட்டோடு கல் சேருமிடத்தில் கோழிவலை பொருத்துங்கள். பூச்சு முடிந்ததும் ஒரு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வண்ணத்திற்கு 28 நாள்களேனும் பொறுங்கள். மண்ணுக்குள் புதையும் வெளிப்பகுதிக்குத் தார்ப்பூச்சு. மேலே சுண்ணாம்போ சிமெண்டு வண்ணமோ போதும். பளபளப்புக்காக எனாமல் அடித்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி அதனையும் உரித்துத் தள்ளும். கீழிருந்து ஏறும் ஈரம் இவற்றால் குறையுமேயன்றி முற்றும் நிற்காது.

பூச்சைக் கொத்திய பின் கல்லில் சாய்வான விரிசல் தென்பட்டால், கொத்தனாரை அனுப்பிவிட்டு, பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். அந்த அன்பரின் வீட்டில் அத்தகைய விரிசல் இல்லை. திருமணத்திற்கு அச்சுவரின் முன்னே தென்னங்கீற்றுத் தட்டி கட்டிக்கொள்வதாகச் சொல்லிச் சென்றார்.