ஸ்கேன் அறிக்கையும் முதுகுவலியும்

முதுகுவலிக்காக எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. படத்தின் அறிக்கை, நோயைக் கணிக்க உதவும் சாட்சியங்களுள் ஒன்று மட்டுமே என்று மருத்துவ நூல்கள் வலியுறுத்தி வந்தாலும், நடைமுறையில் அந்தத் தாளே தீர்ப்பாக வாசிக்கப்படுகிறது. 'எல்4–எல்5 மட்டத்தில் டிஸ்க் புடைப்பு', 'நீர்ச்சத்துக் குறைவு', 'நரம்பு வேரை லேசாகத் தொடுகிறது' என வரிவரியாகச் செல்லும் அறிக்கையை ஸ்கேன் மையத்தின் வாசலிலேயே பிரித்துப் படிப்பவர், மருத்துவரைப் பார்ப்பதற்குள் தம் முதுகு பழுதாகிவிட்டது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். குனியவும் தூக்கவும் அஞ்சத் தொடங்குகிறார். அந்த அச்சம் வலியை நீடிக்கச் செய்யும் காரணங்களுள் ஒன்று என்பது அறிக்கையில் எங்கும் எழுதப்படுவதில்லை.

ஜவ்வு என்று மக்களும் டிஸ்க் என்று மருத்துவர்களும் அழைக்கும் வட்டு, இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே அமைந்து, வெளியே உறுதியான நார்வளையமும் உள்ளே கூழ்போன்ற கருவும் கொண்டது. நார்வளையத்தில் விரிசல் விழுந்து கரு பின்புறமாகப் பிதுங்கி, அருகில் செல்லும் நரம்பு வேரை அழுத்தும்போதும், அதைச் சுற்றி அழற்சியை உண்டாக்கும்போதும், பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வழியே பாதம்வரை மின்னல்போல் இறங்கும் வலி தோன்றுகிறது. சயாட்டிகா எனப்படுவது இதுவே. 1934இல் பாஸ்டன் நகரின் வில்லியம் மிக்ஸ்டர், ஜோசப் பார் என்ற இரு அறுவை மருத்துவர்கள், அதுவரை குருத்தெலும்புக் கட்டி என்று கருதப்பட்டு வந்தவற்றுள் பல உண்மையில் பிதுங்கிய டிஸ்க்கே என்று காட்டினர். அந்தக் கண்டுபிடிப்பு சரியானது. ஆனால் காலில் இறங்கும் வலிக்குக் கிடைத்த அந்த விளக்கம், காலப்போக்கில் இடுப்போடு நின்றுவிடும் எல்லா வலிக்கும் பொருத்தப்பட்டதில்தான் குழப்பம் தொடங்கியது.

எம்.ஆர்.ஐ. கருவி பரவலானபின் அக்குழப்பத்தின் அளவு தெரியவந்தது. முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்து அமெரிக்க ஆய்வாளர்கள் 1994இல் வெளியிட்ட முடிவின்படி, அவர்களுள் 52 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மட்டத்தில் டிஸ்க் புடைத்திருந்தது. 27 விழுக்காட்டினருக்குப் பிதுக்கமே இருந்தது. எல்லா டிஸ்க்குகளும் இயல்பாக இருந்தவர்கள் 36 விழுக்காட்டினர்தாம். வலியற்ற 3,110 பேரைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளிவந்த மற்றொரு கட்டுரை, டிஸ்க் தேய்மானம் இருபது வயதினரில் 37 விழுக்காட்டினரிடமும் எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினரிடமும் காணப்படுவதாகக் கணக்கிட்டது. ஆகவே நாற்பத்தைந்து வயதுக்காரரின் அறிக்கையில் தேய்மானம் என்ற சொல் இருந்தால், அவருக்கு நாற்பத்தைந்து வயதாகிறது என்பதற்கு மேல் அச்சொல் உறுதியாக எதையும் தெரிவிப்பதில்லை.

படத்தில் தெரியும் பிதுக்கம்தான் வலிக்குக் காரணமா என்பதை முடிவுசெய்ய உதவுவது பரிசோதனை மேசை. நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை மெல்ல உயர்த்தும்போது, ஏறத்தாழ 30 பாகையிலிருந்து 70 பாகைக்குள் முழங்காலுக்குக் கீழே வலி சுரீரென இறங்கினால், நரம்பு வேர் இழுபடுகிறது என்று கொள்ளலாம். தொடையின் பின்தசை மட்டும் விறைத்து இழுத்தால் அது கணக்கில் சேராது. வலியில்லாத காலை உயர்த்தும்போது வலியுள்ள காலில் வேதனை தோன்றினால் ஐயம் வலுவடைகிறது. பின்னர்க் கால் பெருவிரலை மேல்நோக்கி மடக்கச் சொல்லி, மருத்துவர் தம் விரலால் அதை எதிர்த்து அழுத்திப் பார்க்கிறார். அது தளர்ந்து போனால் இடுப்பின் ஐந்தாம் நரம்பு வேர் பாதிக்கப்பட்டிருக்கலாம். நுனிக்காலில் நிற்க இயலாமலும், குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரைச் சுத்தியலால் தட்டும்போது பாதம் துள்ளாமலும் இருந்தால் அடுத்த வேரைச் சந்தேகிக்கிறார். பத்து நிமிடம் பிடிக்கும் இச்சோதனையின் முடிவும் படத்தின் முடிவும் ஒரே பக்கத்தை, ஒரே மட்டத்தைக் காட்டினால்தான் டிஸ்க் குற்றவாளி. நோயாளியின் கால் செருப்பைக்கூடக் கழற்றச் சொல்லாமல் படத்தை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சிகிச்சை எழுதித் தருவது நோய்க்கணிப்பு ஆகாது.

தீவிர நோய்க்கான அறிகுறி இல்லாத முதுகுவலிக்குத் தொடக்கத்திலேயே படம் தேவையில்லை என்று மேலைநாட்டு வழிகாட்டுதல்கள் கூறுவதை இங்கே கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றவும் முடியாது. காரணம், முதுகெலும்புக் காசநோய். கூன் விழுந்து கால்கள் செயலிழக்கும் இந்நோயை 1779இல் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் விவரித்தார். அதற்கு அவர் பெயரே நிலைத்தது. கிருமி, பெரும்பாலும் அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளையும் நடுவிலுள்ள டிஸ்க்கையும் மெல்ல அரிக்கிறது. எலும்பு கணிசமாகக் கரைந்த பின்னரே சாதாரண எக்ஸ்ரேயில் தெரியும், எம்.ஆர்.ஐ.யில் அதற்கு வெகு முன்பே தெரிந்துவிடும். வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போகும் வலி, ஓய்விலும் இரவிலும் விடாத வலி, மாலைநேரக் காய்ச்சல், எடைக்குறைவு, முதுகின் ஒரு குறிப்பிட்ட எலும்பைத் தட்டினால் மட்டும் துள்ளவைக்கும் வேதனை ஆகியவை உள்ளவருக்கு ஸ்கேனைத் தள்ளிப்போடுவது, தேவையற்றவருக்கு எடுப்பதைவிடப் பெரிய பிழையாகும்.

இந்நோயின் சிகிச்சை வரலாற்றில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்கும் சென்னை மையமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து 1975இல் தொடங்கிய ஆய்வில், கால்கள் செயலிழக்காத நோயாளிகள் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டனர்: ஒரு பிரிவினருக்கு அறுவையோடு ஆறு மாத மருந்து, மற்ற இரு பிரிவினருக்கு நடமாடிக்கொண்டே ஆறு அல்லது ஒன்பது மாத மருந்து மட்டும். 1999இல் வெளியான பத்தாண்டு அறிக்கை, அறுவை பெற்றோரில் 90 விழுக்காட்டினரும், மருந்து மட்டும் உட்கொண்டோரில் முறையே 94, 99 விழுக்காட்டினரும் நலமாக இருந்ததைக் காட்டியது. சிக்கலற்ற நோயாளியை மாதக்கணக்கில் படுக்கையில் கிடத்தவோ கத்தியை எடுக்கவோ தேவையில்லை என்பதற்கு இந்நகரமே சான்று தந்தது. கூன் பெருகும் குழந்தைகளுக்கும் நரம்புத் தளர்ச்சி கூடுவோருக்கும் அறுவை இன்றியமையாதது என்பது வேறு. எவருக்கு எவ்வளவு கூன் விழும் என்பதை முன்கூட்டிக் கணிக்கும் முறையை வகுத்ததில் பின்னாளில் கோவை கங்கா மருத்துவமனையைச் சேர்ந்த ராஜசேகரனின் ஆய்வுகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

காசநோய், புற்றுநோய்ப் பரவல், எலும்பு முறிவு, காலை விறைப்போடு இளைஞர்களைத் தாக்கும் முதுகெலும்பு அழற்சி போன்றவை இல்லையென்று தெரிந்துவிட்டால், எஞ்சும் பெரும்பான்மையோருக்குக் குறிப்பிட்ட காரணம் எதையும் சுட்ட இயலாது. அவர்களுக்கான சிகிச்சை எளிது என்பதாலேயே அதற்கு மதிப்புக் குறைவு. ஹெல்சிங்கி மாநகர ஊழியர்கள் 186 பேரைக்கொண்டு 1995இல் வெளியான ஆய்வில், இரண்டு நாள் படுத்து ஓய்வெடுத்தோரையும் முதுகுப் பயிற்சி செய்தோரையும்விட, வலி அனுமதிக்கும் அளவுக்கு அன்றாட வேலையைத் தொடர்ந்தோரே விரைவில் தேறினர். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், நாட்பட்ட முதுகுவலிக்கு உடற்பயிற்சியையும் நோய் பற்றிய விளக்கத்தையும் பரிந்துரைத்து, இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுக்கும் சிகிச்சை, ஓபியம் வகை வலிநிவாரணி ஆகியவற்றை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. சயாட்டிகாவுக்கு நம் மருந்துச்சீட்டுகளில் தவறாமல் இடம்பெறும் பிரீகாபலின், 2017இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் வெற்றுமாத்திரையைவிட மேலான பலன் தரவில்லை. தலைச்சுற்றலை மட்டும் கூடுதலாகத் தந்தது.

அறுவைக்கும் உரிய இடம் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களாகச் சயாட்டிகாவால் கடுமையாக அவதியுற்ற 283 பேரை நெதர்லாந்து மருத்துவர்கள் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு உடனே அறுவை செய்தனர். மற்றவர்களைக் காத்திருக்கச் சொல்லி, வலி தாங்காதபோது மட்டும் அறுவை செய்தனர். முதல் பிரிவினர் பாதிப்பேர் நான்கு வாரத்துக்குள்ளும், இரண்டாம் பிரிவினர் பாதிப்பேர் பன்னிரண்டு வாரத்துக்குள்ளும் குணமடைந்தனர். ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 விழுக்காட்டினர் நலமாயினர். காத்திருந்தோரில் 39 விழுக்காட்டினர் இடையில் அறுவைக்குச் சென்றதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். அறுவை தருவது பெரும்பாலும் விரைவு. பிதுங்கிய துண்டு பலருக்குத் தானாகவே சுருங்கிவிடுகிறது. காலுக்கு இறங்காத, இடுப்போடு நிற்கும் வலிக்குத் தேய்மானத்தைக் காரணம்காட்டித் திருகாணி பொருத்தும் அறுவைக்கோ இத்தகைய ஆதரவு இல்லை.

காத்திருக்கக் கூடாத நிலையும் ஒன்று உண்டு. தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழே குதிரைவால்போல் தொங்கும் நரம்புக் கொத்து அழுந்தினால், சிறுநீர் கழிக்க இயலாமலோ அறியாமல் கசிந்தோ போகும். சைக்கிள் இருக்கையில் படும் பகுதி மரத்துப்போகும். இரு கால்களும் தளரும். இவற்றுள் எது தோன்றினாலும் அன்றே அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நாள் கடந்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு மீளாமலே போகலாம்.

மற்றவர்கள், ஸ்கேனுக்கு எழுதித் தரும் மருத்துவரிடம் ஒரு கேள்வியைத் தயங்காமல் கேட்கலாம்: படத்தில் என்ன வந்தால் சிகிச்சை மாறும்? விடை தெளிவாக இருந்தால் அன்றே படம் எடுத்துவிடலாம். இல்லையென்றால் ஆறு வாரம் நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.