திமிர் குதிரைக்கா, கயிறு பிடித்தவருக்கா?

குதிரை டிரெய்லரில் ஏற மறுத்தால் அமெரிக்கக் குதிரைக்காரர்கள் பலர் சொல்லும் முதல் வார்த்தை, "திமிர்". தீர்ப்பு வந்தாச்சு, அப்புறம் தண்டனைதானே? ஒருவர் முன்னால் நின்று கயிற்றை இழுப்பார். இரண்டு பேர் பின்தொடையில் வடம் போட்டு நெருக்குவார்கள். இன்னொருவர் சாட்டையோடு நிற்பார். அரை டன் எடையுள்ள பிராணியோடு கயிறு இழுக்கும் போட்டி! யார் ஜெயிப்பார்கள் என்று தெரிந்துகொள்ள டிகிரி எல்லாம் வேண்டாம்.

ஆபத்து வந்தால் ஓடித் தப்பிப்பதுதான் குதிரையின் பிழைப்பே. ஓட வழியில்லாத பெட்டி அதன் கணக்கில் பொறி. வெயிலில் இருந்து இருட்டுக்குள் நுழைந்தால் அதன் கண் பழகுவதற்கு மனிதக் கண்ணைவிட அதிக நேரம் பிடிக்கும். கால் வைத்தால் பலகை டொம் டொம் என்கிறது. போன தடவை டிரைவர் சடன் பிரேக் போட்டுக் கீழே தள்ளியிருந்தால் அந்த ஞாபகமும் சேர்ந்துகொள்ளும். இத்தனைக்கும் பிறகு அது தயங்கினால் அதற்குப் பெயர் திமிரா? புத்தி என்று ஏன் சொல்லக்கூடாது?

இதில் பெரிய வேடிக்கை, இழுப்பவர்களே குதிரைக்கு மறுக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பது. குதிரையின் பாடம் கயிறு இறுகும்போது இல்லை, தளரும்போதுதான் நடக்கிறது. அது ஓரடி முன்னால் வைத்த அதே நொடியில் தளர்த்தினால் "முன்னால் போனால் நிம்மதி" என்று புரிந்துகொள்ளும். இவர்களோ, அது முன்னால் வந்தால் இன்னும் இழுக்கிறார்கள், இரண்டு காலில் எழும்பினால் பயந்துபோய்க் கயிற்றை விடுகிறார்கள். அது என்ன கற்றுக்கொள்ளும்? பத்து தடவை இப்படி நடந்தால் எழும்புவதில் எக்ஸ்பர்ட் ஆகிவிடும். பிறகு "பாருங்க, எவ்வளவு கெட்ட குதிரை" என்று புலம்பல் வேறு.

வேறு வழி இல்லையா? 2001-லேயே பெர்குசன், ரொசாலஸ்-ரூயிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஏற மறுத்த ஐந்து குவார்ட்டர் ஹார்ஸ் பெட்டைகளை வைத்துச் செய்து காட்டிவிட்டார்கள். ஒரு பொருளை மூக்கால் தொட்டால் தீனி. அந்தப் பொருளை ஒவ்வொரு அடியாக டிரெய்லருக்குள் நகர்த்துவது. அவ்வளவுதான். ஐந்தும் ஏறின, முரண்டும் நின்றுபோனது.

"தீனி கொடுத்து ஏற்றுவது லஞ்சம் இல்லையா" என்று உடனே கேட்பார்கள். வேலைக்கு முன்னால் கண்ணில் காட்டுவது லஞ்சம், வேலை முடிந்த பிறகு கொடுப்பது சம்பளம். இதைத் தெரிந்துகொள்ள அக்கவுண்டன்சி படித்திருக்க வேண்டியதில்லை. (வாளியை ஆட்டி உள்ளே இழுத்துப் படாரென்று கதவைச் சாத்துபவர்கள் லஞ்சம் கொடுத்து ஏமாற்றவும் செய்கிறார்கள். அந்தக் குதிரை மறுநாள் வாளியைப் பார்த்தாலே ஓடும்.)

அடுத்த சாக்கு, "நேரம் இல்லை". சரி, 2018 நவம்பரில் கலிபோர்னியாவில் வூல்சி காட்டுத்தீ மாலிபு பக்கம் இறங்கியபோது ஜூமா கடற்கரை வரை குதிரைகளைக் கொண்டுவந்து கட்டி வைத்தார்கள். புகை, சைரன், கத்தும் மனிதர்கள். அந்த மாதிரி நாளில் யாருக்கு நேரம் இருக்கிறது? முன்பே பழகாத குதிரை அன்றைக்குத்தான் முதல் பாடம் படிக்குமா? ஏறவில்லை என்றால் அதை அவிழ்த்துவிட்டு நெருப்புக்கு நடுவே விட்டுப் போக வேண்டியதுதான். சாவது திமிர் என்று தீர்ப்பு எழுதியவர் இல்லை, குதிரை.

இத்தனைக்கும் அந்த டிரெய்லர் பெரும்பாலான நாட்கள் முற்றத்தில் சும்மாதான் நிற்கிறது. அதை வண்டியோடு பூட்டி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வெளிச்சம் உள்ளே விழுகிற மாதிரி திருப்பி வைத்து, கதவைத் திறந்துவிடலாம். முதல் நாள் ஒரு கால் வைத்தால் போதும், இறக்கிவிடலாம். நான்கு காலும் உள்ளே போன பிறகும் முதலில் பின்கம்பியைப் போட்டுவிட்டுத்தான் தலையைக் கட்ட வேண்டும். இறக்கும்போது முதலில் தலையை அவிழ்க்க வேண்டும். தலை கட்டியிருக்கும்போதே பின்னால் திறந்துவிட்டு, குதிரை பதறிப் பின்வாங்கிக் கயிறு அறுத்தால் அதையும் திமிர்க் கணக்கில்தான் எழுதுவார்கள்.