கேட்டதெல்லாம் கட்டுரையாகாது



நம் சமுதாயத்தில் எழுதுவோர் பெருகி வருகின்றனர். அல்ஹம்துலில்லாஹ், இது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் எழுதப்படுபவற்றுள் கணிசமான பகுதி, எங்கிருந்தோ வந்த செய்தியைச் சற்றே மாற்றி மேலும் பலருக்குக் கடத்துவதாகவே இருக்கிறது. யார் சொன்னது, எந்த நூலில் உள்ளது என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. நல்ல கட்டுரை எழுத வழி என்ன என்று மத்ரஸா மாணவர்கள் நம்மிடம் வினவும்போது, நடையைப் பற்றியும் சொல்வளத்தைப் பற்றியும் பேசுவோம் என எதிர்பார்க்கின்றனர். அவை பின்னர் வருபவை. முதலில் வேண்டுவது அமானிதம் என்பதே நம் கருத்து.

ஹதீஸ் கலை முழுவதும் இந்த அடித்தளத்தின் மீதே எழுந்தது. ஒரு செய்தியை அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க இயலுமா, அவருடைய நேர்மையும் நினைவாற்றலும் எத்தகையவை என்றெல்லாம் அறிஞர்கள் ஆராய்ந்தனர். ஹிஜ்ரி 261இல் மறைந்த இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் ஹதீஸ் தொகுப்பின் முன்னுரையிலேயே ஒரு நபிமொழியைப் பதிவு செய்துள்ளார். காதில் விழுந்ததையெல்லாம் பிறருக்குச் சொல்வதே ஒருவரைப் பொய்யராக்கப் போதும் என்பது அதன் கருத்து. பொய்யைப் புனைந்தவர் மட்டுமல்லர், ஆராயாமல் கடத்தியவரும் அதில் அடங்குவார்.

காஞ்சிபுரத்தில் வாழும் நமக்கு இதை எளிதாக விளக்கலாம். அசல் சரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. போலிச் சரிகையும் கண்ணுக்கு அவ்வாறே மின்னும். சோதித்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். அழகான நடையில் எழுதப்பட்ட ஆதாரமற்ற செய்தியும் போலிச் சரிகையே.

சரிபார்த்துக்கொண்டிருந்தால் காலம் கடந்துவிடும் என்பர் சிலர். ஒரு வாரம் தாமதமாக வரும் உண்மையால் எவருக்கும் இழப்பில்லை. அவசரத்தில் வெளிவந்த தவறோ, அதைப் படித்த அனைவரிடமும் திருத்தம் போய்ச் சேராத நிலையில் நிலைத்துவிடுகிறது. கோயில்களும் பள்ளிவாசல்களும் அருகருகே உள்ள இவ்வூரில், ஆராயாத ஒரு வரி அண்டை வீட்டாரோடு நமக்குள்ள நம்பிக்கையையே குலைத்துவிடும். அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேராதிருக்கச் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது.

உண்மை என்று உறுதியானால் மட்டும் போதுமா? போதாது. வட்டியின் கொடுமையைப் பற்றி எழுதுகிறோம் என்று கொள்வோம். நெசவாளர் ஒருவர் வாங்கிய முன்பணம் எவ்வாறு தீராக் கடனாகிறது என்பதை அவரிடமே கேட்டறிந்து எழுதினால், பத்துப் பொது அறிவுரைகளைவிட அது பயன் தரும். ஆயினும் அக்குடும்பம் இன்னதென்று தெருவிலுள்ளோர் கண்டுகொள்ளும்படி எழுதலாகாது. ஒருவர் வெறுப்பதை அவர் இல்லாதபோது சொல்வது, அது உண்மையாயினும், புறம் பேசுதலே. நாவுக்குரிய இந்த வரம்பு பேனாவுக்கும் உண்டு.

அடுத்தது ஒழுங்கு. பாவு ஓடி முடியாமல் எவரும் தறியில் அமர்வதில்லை. கட்டுரை சொல்ல வந்த கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லையெனில் இன்னும் சிந்திக்க வேண்டும் என்று பொருள். பவணந்தி முனிவரின் நன்னூல், நூலுக்குரிய குற்றங்கள் பத்து, அழகுகள் பத்து என வகுத்துள்ளது. அக்குற்றங்களுள் இரண்டு நம் கட்டுரைகளில் மிகுதி. திருமணச் செலவைக் குறைப்பது பற்றித் தொடங்கிக் கல்வி, அரசியல் என்று அலைவது ‘மற்றொன்று விரித்தல்’. முழக்கத்தோடு தொடங்கி, நாம் அனைவரும் சிந்திக்க வேண்டும் என்று சோர்ந்து முடிவது ‘சென்று தேய்ந்து இறுதல்’. எதைச் சிந்திப்பது, நாளை காலை வீட்டில் எதை மாற்றுவது என்று சொல்லி முடித்தால்தான் கட்டுரை நிறைவுபெறும்.

யாருக்கு எழுதுகிறோம் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணா, 1942இல் இவ்வூரிலிருந்து ‘திராவிட நாடு’ வார இதழைத் தொடங்கினார். பின்னாளில் அவர் எழுதிய மடல்கள் ‘தம்பி’ என்று விளித்தன. ஆயிரக்கணக்கானோர் படித்தாலும், ஒருவரை எதிரில் அமர்த்திப் பேசும் முறை அது. நாமும் அவ்வாறே ஒருவரை மனத்தில் இருத்தி எழுதலாம். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் நம் மகளுக்கு விளங்குமா என்று கேட்டுக்கொண்டால், விளக்கமின்றி அடுக்கப்படும் அரபுச் சொற்கள் தாமே குறையும். தேவையான சொல்லை வைத்துக்கொண்டு, முதன்முறை வருமிடத்தில் அதன் பொருளைத் தந்தால் போதும்.

எழுதி முடித்ததும் வீட்டாரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தைப் பிரியுங்கள். கேட்போர் முகம் சுளிக்கும் இடத்தில் காரணம் கேளுங்கள். நம்மைப் புகழ்ந்துகொள்ளும் வரிகள் இருப்பின் அவற்றை நீக்குங்கள். நிய்யத்தைச் சரிசெய்ய இதைவிட எளிய வழியில்லை.

பிறர் சொன்னதை ஆராயாது பரப்பும் நூறு பேரைவிட, தாம் உறுதியாக அறிந்த ஒன்றைத் தெளிவாக எழுதும் ஒருவரே இன்று நமக்குத் தேவை. அவர் பெரிய ஆலிமாக இருக்க வேண்டியதில்லை. தறியில் அமரும் இளைஞராகவோ வீட்டைப் பேணும் தாயாகவோ இருக்கலாம். நாம் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் மறுமையில் விசாரணை உண்டு என்ற அச்சம் இருந்தால், பேனா தானாகவே நிதானிக்கும். பயனுள்ளதை எழுதும் ஆற்றலையும், பயனற்றதை எழுதாதிருக்கும் கட்டுப்பாட்டையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.