மடனும் நகையும்: நகைச்சுவைத் தேவதைக்கதைப் புதினங்கள் குறித்து ஒரு கருத்து

8 முதல் 12 வயது வரையுள்ள வாசகர்க்கெனப் புனையப்படும் நகைச்சுவைத் தேவதைக்கதைப் புதினங்களைப் 'பகடி' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுவது எளிது. பழங்கதையை எள்ளுவதே அவற்றின் பணி என்பது அச்சொல்லின் உட்கிடை. ஆனால், எள்ளல் ஒரு சிறுகதையைத் தாங்கலாம். முழுநீளப் புதினத்தைத் தாங்காது. இவ்வகையில் சிறந்தவற்றின் நகை வேறொரு களனில் பிறக்கிறது.

கெயில் கார்சன் லெவின் எழுதி 1997இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு நியூபெரி மதிப்புறு விருது பெற்ற 'எல்லா என்சான்டட்' இதற்குத் தக்க சான்று. இது சின்ட்ரெல்லா கதையின் மறுபுனைவு. மாற்றாந்தாய் ஏவியவற்றையெல்லாம் சின்ட்ரெல்லா ஏன் மறுக்காமல் செய்தாள் என்று பழங்கதை கேட்பதில்லை. அதனை அவளது நற்பண்பாகக் கொண்டு கடந்துவிடுகிறது. லெவின் அப்பண்பையே சாபமாக்குகிறார். லூசிண்டா என்னும் தேவதை, பிறந்த குழந்தைக்குக் கீழ்ப்படிதலைப் பரிசாக அளித்துச் செல்கிறாள். அன்றுமுதல் யார் எதனை ஏவினும் நாயகி செய்தே தீரவேண்டும்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு களன்களை வகுக்கிறது. தன் கொடையின் கேட்டை அறியாத லூசிண்டாவிடம் இருப்பது பேதைமை. நாயகியின்மேல் சுமத்தப்பட்டதோ மடன். பிறர் கொளுத்தியதை ஏற்று, ஏற்றதை விடாது நிற்றல் என்பது அதற்கு மரபு கூறும் பொருள். களவியலில் அச்சத்தோடும் நாணோடும் சேர்த்துப் பெண்மைக்கு உரியதாக எண்ணப்படும் மடன், மெய்ப்பாட்டியலில் நகைக்குக் களனாகவும் நிற்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. சின்ட்ரெல்லாவிடம் பண்பாக இருந்தது லெவினின் நாயகியிடம் நகைக்குக் களனாவதும் இதே இடத்தில்தான்.

நாயகி மனத்தால் மடவாள் அல்லளே என்று மறுக்கலாம். உண்மைதான், அந்த முரணே புதினத்தின் இயக்கம். பாத்திரத்தைப் பிடி என்று சமையற்காரி மேண்டி சொன்னால் அவள் பிடித்துக்கொள்வாள். ஆனால் நகர்ந்துகொண்டே இருப்பாள். மேண்டி பின்தொடர வேண்டியதுதான். சொல்லுக்குக் கீழ்ப்படிகிறாள், கருத்துக்கு அன்று. இதே விதியைக் கண்டுகொண்ட ஹாட்டி, இறந்துபோன தாயின் கழுத்தணியைத் தந்துவிடுமாறு ஏவிப் பறிக்கும்போது நகை மறைந்துவிடுகிறது. தன்னை ஏவி இளவரசனையே கொல்விக்கலாம் என்று அவள் அஞ்சுவதும், முடிவில் அவனை மணக்குமாறு வரும் ஏவலை மறுத்தே விடுதலை பெறுவதும் அவ்விதியின் நீட்சியே. சிறார் புதின ஆய்வில் நீதியை ஓர் இயலிலும் நகைச்சுவையை 'உத்திகள்' என்னும் மற்றோர் இயலிலும் பிரித்துவைக்கும் முறைக்கு இத்தகைய நூல் அடங்காது. 'சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை' என்பதை ஐயமின்றிப் பாராட்டாகக் கொள்ளும் ஆய்வாளர், இதில் நீதி இல்லை என்றே முடிவுசெய்ய நேரும்.

மொழிபெயர்ப்பில் இச்சிக்கல் இன்னும் கூர்மையடைகிறது. புதினத்தின் விதிப்படி நேரடி ஏவல் மட்டுமே நாயகியைக் கட்டுப்படுத்தும். விருப்பமும் வேண்டுகோளும் கட்டுப்படுத்தா. கதை முழுவதும் இந்த இலக்கண வேறுபாட்டின்மேல் நிற்கிறது. தமிழிலோ ஏவலுக்கும் வேண்டலுக்கும் இடையே படிகள் பல. 'பிடி' ஏவல் என்பதில் ஐயமில்லை. 'பிடிக்க' என்னும் வியங்கோள் விதித்தலுக்கும் வரும், வேண்டலுக்கும் வரும். 'பிடிக்கவும்' என்னும் அறிவிப்பு நடையை எதில் சேர்ப்பது? 'பிடிக்கலாமே' என்பது மூத்தோர் வாயில் வேண்டுகோளாகவா ஒலிக்கிறது? 'கேளேன்' இன்னும் சுவையானது. பேச்சு வழக்கில் அது முன்னிலையாரை நோக்கிய கெஞ்சல். இலக்கிய வழக்கில் 'கேட்கமாட்டேன்' என்னும் தன்மை எதிர்மறை. வேண்டுகோளும் மறுப்பும் ஒரே வடிவில் அமைந்த இச்சொல் ஆங்கில மூலத்திற்கு வாய்க்காதது. கதைச்சுருக்கம் போலத் தமிழாக்குவோர் இதனை இழப்பர். எவ்வெவ் வினைவடிவங்கள் நாயகியைக் கட்டும், எவை கட்டா என்னும் பட்டியலை மொழிபெயர்ப்பாளர் முதல் இயலைத் தொடங்கும் முன்பே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்; 'கேளேன்' அதில் எப்பக்கம் என்பதையும்.