மார்க்கும் மரணமும்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து விடுதிக்குத் திரும்புகையில் நண்பர் ஒருவர் என்னை வம்புக்கிழுத்தார். "அமெரிக்க மாணவர்கள் வியட்நாம் யுத்தத்தை எதிர்த்ததைப் பெரிதாகச் சொல்ல வந்துவிட்டீர்! சாகப் பயந்தார்கள், அவ்வளவுதான். 1973-ல் கட்டாய இராணுவ சேவை நின்றது, கூச்சலும் நின்றது" என்றார். அவர் பொறியியல் படிப்பவர். எதையும் இரண்டு வரியில் முடித்து விடுவார். அன்று எனக்குச் சரியான பதில் வாயில் வரவில்லை. இப்போது எழுதுகிறேன். இவ்விதழை அவரும் படிப்பார் அல்லவா?

பயந்தார்கள் என்பது மெய்தான். 1965 ஜூலையில் ஜனாதிபதி ஜான்ஸன், மாதம் 17,000 பேராக இருந்த ஆள்சேர்ப்பை 35,000 ஆக உயர்த்தினார். பெரும்பாலான மாநிலங்களில் 21 வயது நிரம்பாதவனுக்கு வாக்குரிமை கூட இல்லை; ஆனால் பதினெட்டு வயதிலேயே அவனைக் களத்துக்கு அனுப்பலாம்! பயப்படாமல் என்ன செய்வான்?

ஆனால் நண்பர் ஒன்றை மறந்து விட்டார். கல்லூரியில் படிப்பவனுக்கு விலக்கு உண்டு. வாயை மூடிக்கொண்டு படித்தால் போதும். தந்தையிடம் பணமில்லாமல் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவனே முதலில் போனான். 1966-ல் இதிலும் ஒரு கூர்மை சேர்ந்தது. யாருக்கு விலக்கு என்பதை, வகுப்பில் அவன் பெற்ற இடத்தையும், ஒரு தேசியத் தேர்வில் அவன் பெற்ற மார்க்கையும் பார்த்து முடிவு செய்யலாம் என்றார்கள். 150 கேள்விகள். கல்லூரி மாணவன் 70 வாங்க வேண்டும். முதுநிலை மாணவனுக்கு 80.

நண்பர்களே, இதைச் சற்று நின்று யோசியுங்கள். மார்க் எல்லோரும் வாங்கலாம். ஆனால் வகுப்பில் மேல்பாதி என்றால் கீழ்பாதி ஒன்று இருந்தே தீரும். நான் இரவு முழுவதும் கண்விழித்துப் படித்து இரண்டு இடம் முன்னேறினால், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பேடு கடன் கொடுத்தவன் இரண்டு இடம் பட்டாளத்தை நோக்கி நகர்கிறான். தேர்வுத் தாளில் நான் எழுதும் விடை அவன் தலையெழுத்தாகிறது. இதை உணர்ந்து எல்லோருக்கும் தாராளமாக மார்க் போட்ட பேராசிரியர்களும் இருந்தார்கள்.

அவ்வாண்டு மே மாதத்தில் சிகாகோ பல்கலைக் கழக மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்துக்குள் புகுந்து உட்கார்ந்து கொண்டார்கள். கோரிக்கை என்ன? எங்கள் இடவரிசையை ஆள்சேர்ப்புக் குழுவுக்கு அனுப்பாதே என்பது. முதலிடத்தில் இருந்தவனுக்கு இதனால் இலாபம் ஏது? தேசியத் தேர்வு நடந்த நாளில், ஜனநாயக சமுதாயத்துக்கான மாணவர்கள் என்ற அமைப்பினர் தேர்வு மையங்களின் வாசலில் நின்று வேறொரு வினாத்தாளைக் கொடுத்தார்கள். அதில் கேள்விகளெல்லாம் வியட்நாமைப் பற்றியவை. நான் எழுதாமல் போனதற்கு வருந்தும் தேர்வு அது ஒன்றுதான்.

1967 அக்டோபர் 16 அன்று நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் டிராஃப்ட் கார்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். விலக்குப் பெற்றிருந்த மாணவர்களும் அவர்களில் இருந்தார்கள். கார்டை வேண்டுமென்றே அழித்தால் ஐந்தாண்டுச் சிறையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்கலாம் என 1965-லேயே சட்டம் வந்திருந்தது. பயந்தவன் செய்யும் காரியமா இது? பயந்தவன் நூலகத்துக்குப் போயிருப்பான்.

என் போன்ற முதுநிலை மாணவர்களுக்கு இருந்த விலக்கு 1968 பிப்ரவரியில் பெரும்பாலும் போயிற்று. மருத்துவம் போன்ற சில துறைகளே தப்பின. 1969 டிசம்பர் 1 அன்று குலுக்கல் வந்தது. 366 நீலக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிறந்த தேதி, ஒரு கண்ணாடி ஜாடி. புள்ளியியல் படிப்பவன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை: மாத வாரியாகப் பெட்டியிலிட்ட குப்பிகளை அவர்கள் சரியாகக் கலக்கவில்லை. டிசம்பரின் 31 நாட்களில் 26 நாட்கள் முதல் பாதியில் வந்து விழுந்தன. மார்ச்சில் பத்து நாட்களே. எண் 195 வரை அழைத்தார்கள். தவறு தெரிந்து, 1970 குலுக்கலில் தேதிக்கொன்றும் எண்ணுக்கொன்றுமாக இரண்டு உருளைகள் வைத்தார்கள். முதல் ஆண்டில் போனவன் போனவன்தான்.

என் பிறந்த நாள் டிசம்பர் 30. அன்றைய பட்டியலில் அதன் எண் 3.

நண்பர் சொன்னதில் பாதி நிற்கிறது, மறுக்கவில்லை. ஆள்சேர்ப்பு ஓய ஓயக் கல்லூரிகளில் ஆர்ப்பாட்டமும் ஓய்ந்தது. தன் தலைக்கு மேல் கத்தி தொங்கியபோது மட்டும் குரல் கொடுத்தவர்கள் பலர் இருந்திருக்க வேண்டும். விலக்கைச் சத்தமின்றிப் பயன்படுத்திக் கொண்டவர்கள் அவர்களைவிடப் பலர். நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்திருப்பேன் என்று எனக்கு வலுவான சந்தேகம் உண்டு. என் வீட்டு நிலைமையில், அம்மாவின் கடிதம் ஒன்று வந்தால் போதும். ஆனால் கார்டைத் திருப்பிக் கொடுத்தவனை, கொடுக்காத நான் கோழை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

நண்பர் மார்ச்சில் பிறந்தவர். அடுத்த கூட்டத்தில் அவர் பதிலைக் கேட்கக் காத்திருக்கிறேன்.