எர்த் பின்னைப் பிடுங்காதீர்கள்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை நெடுஞ்சாலையின் இருபுறமும் உள்ள கிராமங்களில், பங்குனியில் தொடங்கி ஆடி முடியும்வரை ஏதாவது ஓர் ஊரில் திருவிழா நடந்துகொண்டே இருக்கும். மயிலத்தில் பங்குனி உத்திரம், மாரியம்மனுக்குக் கூழ் வார்த்தல், திரௌபதியம்மனுக்குத் தீமிதி, அதற்கு முன்பாகப் பாரதக் கூத்து. எங்கேயும் மைக்செட் இல்லாமல் காரியம் ஆவதில்லை. இப்போது கீபோர்டும் ரிதம் பேடும் சேர்ந்துவிட்டன. இவற்றோடு ஸ்பீக்கரில் விடாமல் கேட்கும் உறுமலும் சேர்ந்துவிட்டது. பாட்டு நின்றாலும் அது நிற்பதில்லை.

இந்த ‘ஹம்’மை நிறுத்த நம் பக்கத்தில் பரவலாகக் கையாளும் வைத்தியம், மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றிவிடுவது. கழற்றினால் பல நேரங்களில் உறுமல் உண்மையாகவே நின்றுவிடுகிறது. பலன் கண்ணெதிரே தெரிவதால்தான் இந்தப் பழக்கத்தை விடவைப்பது கடினமாக இருக்கிறது. ஆம்ப்ளிஃபயருக்குள் பேஸ் வயர் ஒன்று உரசிப் பெட்டியைத் தொட்டுவிட்டால், அந்த மின்சாரத்தை மண்ணுக்குக் கடத்த இருக்கும் ஒரே வழி அந்தப் பின்தான். இந்திய பிளக்கில் அது மற்ற இரண்டைவிட நீளமாகவும் தடிமனாகவும் இருப்பது, செருகும்போது முதலில் சேரவும் கழற்றும்போது கடைசியில் பிரியவும்தான். அதைப் பிடுங்கிய பிறகு, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று மைக்கைப் பிடித்திருக்கும் பாடகரே எர்த் ஆகிவிடுகிறார்.

உறுமல் எங்கிருந்து வருகிறது என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அடிவயிற்றில் அதிர்கிற மாதிரி கனத்த உறுமல் என்றால் 50 ஹெர்ட்ஸ்; பெரும்பாலும் அது வயரிங்கிலிருந்தோ எர்த்திலிருந்தோ வருவது. அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, 100 ஹெர்ட்ஸில் கேட்டால், ஆம்ப்ளிஃபயரின் பவர் சப்ளையிலேயே கோளாறு என்று சந்தேகிக்க வேண்டும். ஏசியின் இரண்டு பாதியையும் ரெக்டிஃபயர் டிசியாக்கும்போது மிஞ்சும் அலைவு 100. அதை வழித்தெடுக்க வேண்டிய ஃபில்டர் கெப்பாசிட்டர் வயதாகி மேல்பக்கம் உப்பியிருக்கும். உறுமலாக இல்லாமல் ‘ஜிர்ர்’ என்று கூர்மையாகக் கேட்டால் எல்இடி போர்டையும் சீரியல் செட்டையும் ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். ஜெனரேட்டரில் ஓடும்போது சுருதி ஏறி இறங்கினால், லோடு மாறும்போது இன்ஜின் வேகம் மாறுகிறது என்று பொருள்.

சுருதி என்று சொல்லக் காரணம் உண்டு. கீழ் ஸ்தாயியில் ஐந்து கட்டை 98 ஹெர்ட்ஸ், ஐந்தரைக் கட்டை ஏறக்குறைய 104. நம் உறுமல் இரண்டுக்கும் நடுவே, ஐந்தை ஒட்டி, 100இல் உட்கார்ந்திருக்கிறது. ஐந்திலோ ஐந்தரையிலோ பாடும் பெண்கள் நம் மேடைகளில் நிறையப் பேர். இரவு முழுக்க அவர்கள் காதோரத்தில் சுருதி தப்பிய ஒரு தம்பூரா மீட்டிக்கொண்டே இருக்கிறது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், மின்சாரமே இல்லாமல் ஆடிய கூத்தில் முகவீணைக்கும் ஆர்மோனியத்துக்கும் இந்தத் தொல்லை இருந்ததில்லை. அந்தக் கலைஞர்களுக்கு நாம் ஒலிபெருக்கியைக் கொடுத்தோம். ஒழுங்கான மின்சாரத்தைக் கொடுக்கவில்லை.

மின்சார இரைச்சலை வேரோடு பிடித்து ஆராய்ந்தவர்கள் மாடுலர் சின்தசைசர் செய்பவர்கள். தனித்தனி மாடுல்களை வயரால் கோத்து ஒலியை உண்டாக்கும் கருவி அது. இந்தியாவுக்கு இது புதிதல்ல. 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்கக் கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் மாடுலரை நிறுவினார். கீதா சாராபாய் உள்ளிட்ட இந்தியர்கள் அதில் இசை செய்தார்கள். 1972 வரையிலான அந்த ஒலிநாடாக்களை நிறுவனத்தின் காப்பகத்திலிருந்து இசைக்கலைஞர் பால் பர்காஸ் மீட்டெடுத்து உலகத்தைக் கேட்கவைத்தார். இன்று பரவலாக இருப்பது, ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் 1990களின் நடுவில் வகுத்த யூரோராக் அமைப்பு. அதில் பல மாடுல்கள் ஒரே பிளஸ் 12, மைனஸ் 12 வோல்ட் சப்ளையையும் ஒரே கிரவுண்டையும் பங்கிட்டுக்கொள்கின்றன. சுருதியை வோல்டேஜே தீர்மானிக்கிறது: ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட், அரைக் கட்டைக்கு 83 மில்லிவோல்ட். எட்டு மில்லிவோல்ட் அலைந்தாலே சுருதி அரைக் கட்டையில் பத்தில் ஒரு பங்கு தள்ளாடும். எனவே தடித்த கிரவுண்ட் வயர் போடுகிறார்கள். துடித்துத் துடித்துக் கரண்ட் இழுக்கும் டிஜிட்டல் மாடுலுக்கு வழி தனியாகவும், நுட்பமான ஆஸிலேட்டருக்கு வழி தனியாகவும் விடுகிறார்கள். எல்லா கிரவுண்டையும் சப்ளைக்குப் பக்கத்தில் ஒரே புள்ளியில் சேர்க்கிறார்கள்.

நம் பந்தலுக்கும் வேண்டியது இதேதான். பொதுவாக நடப்பது என்ன? மேடையோரம் மிக்ஸர் ஒரு ஜங்ஷன் பாக்ஸில். நூறடி தள்ளி ஆம்ப்ளிஃபயர்கள் வேறொரு லைனில், சில சமயம் ஜெனரேட்டரில். இரண்டு எர்த்துக்கும் இடையே சிறு வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும். இரண்டையும் சிக்னல் கேபிள் இணைத்தவுடன் அந்த வித்தியாசம் கேபிளின் ஷீல்டு வழியே கரண்டாக ஓடும். அதுவே உறுமல். எர்த் பின்னைப் பிடுங்கினால் இந்த வளையம் அறுகிறது, பாதுகாப்பும் கூடவே அறுகிறது. மிக்ஸரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே போர்டிலிருந்து, ஒரே எர்த்திலிருந்து ஓட்டினால் வளையத்துக்கே இடமில்லை. சீரியல் செட்டுக்கு வேறு லைன் போதும். ஒரே போர்டு முடியாத இடத்தில் சிக்னல் கேபிளுக்கு நடுவே ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள். எதையாவது வெட்டியே தீர வேண்டும் என்றால், எக்ஸ்எல்ஆர் லைன் கேபிளின் ஷீல்டை ஆம்ப்ளிஃபயர் முனையில் மட்டும் வெட்டுங்கள். மெயின்ஸ் எர்த்தைத் தொடாதீர்கள்.

என் மேஜைக்கு வரும் உள்ளூர் அசெம்பிள் மிக்ஸர்களில் ஒரே குறையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டின் முதல் பின், அதாவது ஷீல்டு, பெட்டியில் சேராமல் நேராகச் சர்க்யூட் போர்டுக்குள் போகும். ஷீல்டில் வரும் குப்பையெல்லாம் ஒலியோடு கலந்துவிடும். ‘பின் 1 பிரச்சினை’ என்று நீல் மன்சி 1995இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதை விளக்கிவிட்டது. ஓர் அங்குல வயரால் முதல் பின்னைப் பெட்டியோடு சேர்த்துப் பற்றவைத்தால் தீர்ந்தது. செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை.

கீபோர்டின் கதை வேறு. அதன் அடாப்டருக்கு இரண்டே பின். உள்ளே குறுக்கீட்டை அடக்கும் ஒரு சின்ன கெப்பாசிட்டர் வழியே மிக மிகக் குறைந்த மின்சாரம் கசியும். கீபோர்டிலிருந்து வரும் ஜாக்கின் உலோகத்தில் டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும். விரலில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். அதே ஜாக்கை, எர்த் உள்ள மிக்ஸரில் செருகுங்கள். டெஸ்டர் அணைந்துவிடும், இரைச்சலும் அடங்கும். மிக்ஸரின் எர்த் பின் பிடுங்கப்பட்டிருந்தால் டெஸ்டர் எரிந்துகொண்டே இருக்கும்; அந்தக் கசிவு மைக்கின் வலைவரை போகும். “மைக் உதட்டைக் கடிக்குது” என்று பாடுகிறவர் சொன்னால், அந்த நிமிடமே மெயினை நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும். கசிவுதானா, பேஸே வந்து நிற்கிறதா என்பதை உதடு பிரித்துச் சொல்லாது.

மைக்செட் தொழிலாளர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. விடிய விடிய விழித்திருப்பவர்கள் அவர்கள். உறுமல் கேட்டால் விழாக்குழு சத்தம் போடுவது அவர்களிடம்தான். தற்காலிக இணைப்பிலிருந்து வரும் லைனில் உருப்படியான எர்த் இல்லாதபோது, பின் இருந்தும் பயனில்லை என்று அவர்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. எர்த்தைக் கேட்டு வாங்க வேண்டியது விழா நடத்தும் நாம்தான். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சை களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். தேர் என்றால் தலைக்கு மேலே உள்ள கம்பியைப் பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறோம். பந்தலுக்குள் தரையோடு ஓடும் வயரைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

விழாக்குழுக்களிடம் நான் கேட்பது சிறிய செலவு. மைக்செட் பேசும்போது எத்தனை பாக்ஸ், எத்தனை ஆர்ச் என்று கேட்பதோடு, எர்த் ராடு அடிப்பார்களா, 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) உண்டா என்றும் கேளுங்கள். அதற்கான தொகையைத் தனியாகக் கொடுங்கள். சித்திரையில் காய்ந்து கிடக்கும் செம்மண்ணில் ராடு அடித்தால் மட்டும் போதாது, சுற்றிலும் தண்ணீர் ஊற்றி ஊறவிட வேண்டும். ஜெனரேட்டருக்கும் எர்த் உண்டு. அதன் நியூட்ரலை எர்த்தோடு சேர்க்காவிட்டால் ஆர்சிசிபி இருந்தும் டிரிப் ஆகாமல் போகலாம். தற்காலிக இணைப்பு கொடுக்கும் மின்வாரிய அலுவலகங்கள், மீட்டர் பொருத்தும் அன்றே எர்த்தையும் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். மைக்செட் தொழிலாளர்களுக்கு ஆடிக்கு முன்னால் இரண்டு நாள் பயிற்சி கொடுக்க இங்குள்ள ஐடிஐ ஆசிரியர்களால் முடியும். மல்டிமீட்டர், ஒரு பழைய மிக்ஸர், ஓர் எர்த் ராடு இருந்தால் வகுப்புக்குப் போதும்.

- கட்டுரையாளர், ஒலிக்கருவிப் பழுதுநீக்குநர், திண்டிவனம்.