கூடாரத்தில் ஒரு குடித்தனம்

அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் நம் வீட்டு வாண்டுகளுக்கு ஒரே பல்லவிதான்: "அம்மா, எங்கேயாவது போகலாம்!" ஐந்து பேர் ஓட்டலில் ரூம் போட்டுத் தங்கினால் நம் பட்ஜெட்டுக்குக் கட்டுப்படியாகுமா? அதனால் நான்கு வருஷமாக நாங்கள் ஏலகிரிக்குக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறோம். "சின்னக் குழந்தையை வச்சுக்கிட்டு எப்படித்தான் சமாளிக்கிறீங்களோ!" என்று கேட்காதவர்கள் இல்லை. சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால், முதல் வருஷம் நான் செய்த தப்பைச் சொல்லிவிட வேண்டும்.

ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம்தானே, ஊட்டியா, கொடைக்கானலா என்று அலட்சியமாகப் போய்விட்டேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும் என்பது அப்போது தெரியாது. டிசம்பர் மாதம். ராத்திரி பத்து மணிக்கு மூன்று வயதுச் சின்னவளின் பாதம் ஐஸாகிவிட்டது. சாயங்காலம் சோளம் சுட்ட குமுட்டி அடுப்பில் கங்கு இன்னும் கனன்றுகொண்டிருந்தது. "நீ பெத்துப் படுத்திருந்தப்போ அறையிலே கரி நெருப்பு வச்சோமே, ஞாபகம் இருக்கா?" என்றார் அத்தை. நல்ல யோசனைதான் என்று அடுப்பை உள்ளே வைத்து, ஜிப்பையும் இழுத்து மூடிவிட்டேன்.

எவ்வளவு நேரம் தூங்கினோமோ, அத்தை என்னை உலுக்கினார். "ஏம்மா, தலை வெடிக்கிற மாதிரி இருக்கு. குமட்டுது." எழுந்தேன், எனக்கும் கிறுகிறுத்தது. பெரியவன் முனகிக்கொண்டு எழுந்தான். சின்னவளைக் கூப்பிட்டால் பதிலே இல்லை. என்னவர் தள்ளாடியபடியே அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். காற்றுப் பட்டுக் கொஞ்ச நேரம் கழித்து வாந்தி எடுத்தாள். பிறகுதான் அழுதாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் எல்லோரையும் பரிசோதித்து, குழந்தைக்கு விடியும்வரை ஆக்ஸிஜன் வைத்தார்கள். மூடிய இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷ வாயு வரும், அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது, ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க விடாமல் செய்துவிடும் என்று டாக்டர் விளக்கினார். பிரசவ அறையில் எதுவும் ஆகவில்லையே என்று அத்தை கேட்டார். அது ஓட்டு வீடு; சந்து பொந்தெல்லாம் காற்று வந்தது. அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது அந்த ஓட்டை உடைசல்தான். கூடாரத்திலும் சரி, இன்றைய கான்கிரீட் அறையிலும் சரி, அந்த வழி கிடையாது. பிள்ளை பெற்றவளுக்குக் கரி நெருப்பு வைக்கும் வீடுகளில் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

இனி, கற்றுக்கொண்ட பாடங்கள்.

குளிருக்கு: மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும், கீழே தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கோரைப்பாய், அதன்மேல் பழைய ஜமுக்காளம், அதன்மேல் இரண்டாக மடித்த கம்பளி. இது போதும். பருத்தித் துணி நனைந்தால் குளிரை அதிகமாக்கும். குழந்தைக்குக் கம்பளித் தொப்பியும் காலுறையும் போடுங்கள். காற்றுக்கு ஒரு ஜன்னலாவது திறந்தே இருக்கட்டும். இல்லாவிட்டால் மூச்சுக்காற்றின் ஈரமே விடிகாலையில் சொட்டுச் சொட்டாகத் தலையில் விழும்.

கூடாரம்: நாங்கள் காசு போட்டு வாங்கியது இது ஒன்றுதான். 'நான்கு பேருக்கு' என்று போட்டிருந்தால், நான்கு பேர் மத்தி மீன் மாதிரி அடுக்கிப் படுக்கலாம் என்று அர்த்தம்! நான்கு பேருக்கு ஆறு பேர் அளவு வாங்குங்கள். முதலில் மொட்டை மாடியில் போட்டுப் பழகிவிடுங்கள். அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தைவிட ஒரு சாணாவது சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத் தண்ணீரை வாங்கி அடியில் விட்டுவிடும்.

இடம்: சற்று மேடான தரை நல்லது. ஓடைப் பள்ளமும், பட்டுப்போன கிளையின் நிழலும் வேண்டவே வேண்டாம். காட்டோரத்தில் கூடாரம் போடும் ஆசையும் வேண்டாம். வயநாட்டு மேப்பாடியில் 2021 ஜனவரியில் கூடாரத்தில் தங்கியிருந்த ஒரு பெண் யானை தாக்கி இறந்துபோனார். வேலி, விளக்கு, கழிவறை மூன்றும் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு இடத்துக்குப் பணம் கட்டுங்கள்.

சமையல்: ரவையை வறுத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் தாளித்துக் கலந்து டப்பாவில் எடுத்துக்கொண்டால், வெந்நீர் கொதித்த ஐந்தே நிமிஷத்தில் உப்புமா. முதல் நாளுக்குப் புளியோதரை, அப்புறம் பருப்புப் பொடி, ஊறுகாய். தேங்காய்ச் சட்னி கெட்டுவிடும். அடுப்பு எப்போதும் வெளியேதான். இரவு விளக்குக்கு, டார்ச்சின் மேல் வெள்ளைத் தண்ணீர் பாட்டிலை நிறுத்துங்கள். வெளிச்சம் நாலா பக்கமும் பரவும். குழந்தைக்கு ராத்திரி அவசரத்துக்கு மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி ஒன்று கட்டாயம்.

உடம்பு: வயிற்றுப்போக்கு கண்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து அடிக்கடி கொடுங்கள். இரண்டும் தலை தட்டிய அளவு. புதரோரம் விளையாடிய பிள்ளைகளைக் குளிப்பாட்டி, உடையைத் துவைத்துவிடுங்கள். ஊர் திரும்பி மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம் பாருங்கள். சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுத்த பொருக்கு இருந்தால் அது ஸ்க்ரப் டைஃபஸாக இருக்கலாம். பொருக்கு இல்லாமலும் வரும். புல்வெளியில் தங்கியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும்.

அத்தை இன்றும் எங்களோடு வருகிறார். எல்லோரும் படுத்ததும், ஜன்னல் ஜிப் திறந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவார். அப்புறம்தான் எனக்கும் தூக்கம் வரும்.